ஓங்கிலும் மீனவர் வலையும்

மறிச்சுக்கட்டி என்னும் பெயர் கற்றோர்க்கு முத்துக்குளிப்பையே நினைவூட்டும். மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், வில்பத்துக் காட்டினை அடுத்துள்ள இவ்வூரின் கரையிலே, 1906ஆம் ஆண்டுச் சலாபத்தின்போது பல்லாயிரவர் தங்கிய தற்காலிகப் பட்டினம் ஒன்று எழுந்தது. பின்னாளில் எழுத்தாளராய்ப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப் அங்குக் கடமையாற்றிய அரசாங்க உத்தியோகத்தருள் ஒருவர். பெருஞ் சலாபங்கள் 1925ஆம் ஆண்டோடு ஓய்ந்தன. மீன்பிடித் தொழிலோ நிலைத்தது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாண முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது வெறிச்சோடிய இக்கரை, 2009இல் போர் முடிந்தபின் மெல்ல மெல்லத் தன் மக்களை மீண்டும் பெற்றது.

இக்கடலை நம்பி வாழ்வோர் மீனவர் மட்டும் அல்லர். மீனையே உணவாகக் கொண்ட ஓங்கிலும் அதனையே நம்பி வாழ்கின்றது. இரு திறத்தாரும் ஒரே நீரில் ஒரே இரையைத் தேடுங்கால், மனிதனின் சிறுதொழில் அவ்விலங்கின் நடத்தையை எவ்வாறு மாற்றுகின்றது என்பது ஆராய்தற்குரிய பொருளாகும்.

டொல்பின் என்றும் வழங்கப்படும் ஓங்கில் மீனினத்தைச் சேர்ந்ததன்று. நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டி ஈன்று பாலூட்டும் முலையூட்டி அது. அதன் வகைகள் பலவற்றுள், கரையோர மீன்பிடியோடு மிக நெருங்கிய தொடர்புடையது கூன்முதுகு ஓங்கில் ஆகும். தென்னாபிரிக்கா முதல் இந்தியா, இலங்கை ஈறாக உள்ள கரையோரங்களில், பெரும்பாலும் 25 மீற்றருக்கு மேற்படாத ஆழத்திலே இது சிறு கூட்டங்களாக வாழும். புத்தளம் கடனீரேரியிலும் வடமேற்குக் கரையோரத்திலும் இதனை ஆய்வாளர் கண்டு பதிவு செய்துள்ளனர். இதனைத் தனி இனமாக அறிஞர் பிரித்துக் கூறியது 2014ஆம் ஆண்டிலேயே. மூன்றாண்டுகள் கழிந்து, 2017இல் வெளியான உலக மதிப்பீட்டில், இது அழிவை எதிர்நோக்கும் இனங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டது.

ஓங்கிலின் நடத்தை பிறப்பால் மட்டும் அமைவதன்று, பெரும்பகுதி கற்றுக்கொள்ளப்படுவது. குட்டி சில ஆண்டுகள் தாயைப் பிரியாது நீந்தி, இரை எங்கே உண்டு, எவ்வாறு பிடிப்பது என்பனவற்றைக் கண்டு பழகும். ஆகவே ஒரு தாய் கற்ற வழக்கம் அவளோடு மறைவதில்லை. இவ்வுண்மையை மனத்திற் கொண்டால், மீனவரின் வலை ஓங்கிலுக்கு ஓர் ஆசிரியனாய் அமைவது விளங்கும்.

அவ்வலை முதலிற் கற்பிப்பது எளிய பாடம். ஓடும் சூடையையோ மணலையையோ துரத்திப் பிடித்தற்கு உடல் வலிமை மிகச் செலவாகும். செவுள்வலையில் மாட்டிய மீனோ ஓடாது. வள்ளத்திலிருந்து கழித்தெறியும் சிறுமீனும் அத்தகையதே. இவற்றைச் சுவைத்த ஓங்கில், வலை நிற்கும் இடத்தையும் அது இழுக்கப்படும் வேளையையும் அறிந்து வந்து சேரும். நாளடைவில் இயந்திர வள்ளத்தின் ஒலியே உணவுக்கு அழைக்கும் மணியாகிவிடும். ஓங்கிலை விரட்டுதற்கென வலையில் ஒலிக்கருவி கட்டியவிடத்தும், சிற்சில வேளைகளில் அவ்வொலியே அதனை அழைத்துவந்தமை கண்டறியப்பட்டுள்ளது.

இப்பாடத்திற்கு இருபாலாரும் விலை கொடுக்கின்றனர். மகாராட்டிரத்தின் சிந்துதுர்க்கக் கரையில் நடந்த ஆய்வுகளில், ஓங்கில்களால் வலை கிழிவதையும் மீன் குறைவதையும் சிறு மீனவர் எடுத்துரைத்தனர். கடன்பட்டு வலை வாங்கியவனுக்கு ஒரு கிழிசல் பல நாள் உழைப்பின் இழப்பாகும். அவன் சினத்தை அறியாமை என்று ஒதுக்குதல் நீதியன்று. ஓங்கில் கொடுக்கும் விலையோ உயிரே. மெல்லிய நைலோன் இழை எதிரொலியை மிகக் குறைவாகவே திருப்புவதால், எதிரொலி கொண்டு வழியறியும் இவ்விலங்கு அதனை எப்போதும் உணர்வதில்லை. வாலோ துடுப்போ சிக்கிவிட்டால் மேலெழுந்து மூச்சுவிட இயலாது நீருள்ளேயே மாளும். பெண் ஓங்கில் பருவமடையச் சுமார் 10 ஆண்டுகள் செல்லும். பின்னரும் சில ஆண்டுகளுக்கு ஒரு குட்டியே ஈனும். எனவே சிறு கூட்டமொன்றில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு இறப்பினும் அக்கூட்டம் தேயும்.

இனி, இத்தொடர்பு எங்கும் பகையாகவே முடியும் என்று கொள்ளற்க. கேரளத்தின் கொல்லத்தை அடுத்த அஷ்டமுடிக் கழிமுகத்திலே, கூன்முதுகு ஓங்கில்கள் மீன்கூட்டத்தை ஆழங்குறைந்த நீருக்கு ஒதுக்கிவர, அங்கே காத்துநிற்கும் மீனவர் வீச்சுவலை எறிந்து பிடிக்கும் வழக்கம் உண்டு. 2012ஆம் ஆண்டில் இது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. பிரேசில் நாட்டு லகூனா நகரில் வேறோர் இன ஓங்கிலும் வீச்சுவலைஞரும் நூறாண்டுக்கு மேலாக இவ்வாறே கூடித் தொழில் செய்கின்றனர். கூட்டுழைப்பிற் சேரும் ஓங்கில்கள் பிறவற்றினும் கூடுதலாக உயிர்தப்பி வாழ்கின்றன என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

ஒரே வகை விலங்கு ஓரிடத்திற் கள்வனாகவும் மற்றோரிடத்தில் துணைவனாகவும் தோன்றுவதேன்? விடை வலையின் இயல்பிலே கிடக்கின்றது. வீச்சுவலை மனிதன் கையிலே இருப்பது. அவன் கண் பார்க்க ஒரு கணம் விரிந்து, உடனே கரையேறுவது. சிதறி ஓடும் மீன் ஓங்கிலுக்கு எளிய இரையாகும். வலை அதனைச் சிக்கவைப்பதும் அரிது. செவுள்வலையோ இரவு முழுவதும் காவலின்றிக் கடலில் நிற்பது. அங்கு மீனுக்கும் ஓங்கிலுக்கும் வேற்றுமை பார்ப்பார் எவருமிலர். முன்னதில் இருவரும் ஒருவரையொருவர் கண்டு கற்கின்றனர். பின்னதில் ஓங்கில் மட்டும் தனியே கற்கின்றது.

கற்ற வழக்கம் மாறவும் கூடும் என்பதற்கு அவுஸ்திரேலியாவின் மொறற்றன் குடா சான்றாகும். ஆங்கு இழுவைப் படகுகளைப் பின்தொடர்ந்து கழிவுமீன் உண்ட ஓங்கில்களும், அப்படகுகளை நாடாதனவும், ஒரே குடாவில் இரு தனிக் கூட்டங்களாய் வாழ்ந்தன. படகுகளின் தொகை குறைந்தபின், அவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்து பழகலாயின என 2012இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. மனிதன் தன் தொழில் முறையை மாற்றியபோது, ஓங்கிலின் உறவுமுறையே மாறிற்று.

இப்படிப்பினை மன்னார்க் கரைக்கும் பொருந்தும். இலங்கை 2017ஆம் ஆண்டில் அடித்தள இழுவை மடியைச் சட்டத்தால் தடைசெய்தது. ஓங்கிலைக் கொல்லுதலும் சட்டப்படி குற்றமாகும். ஆயினும் சட்டம் நடுக்கடலில் ஒவ்வொரு வலையின் அருகிலும் நிற்க மாட்டாது. ஓங்கில் உலாவும் வேளையில் வலை விடுவதைச் சற்றுத் தாமதித்தல், வலையை நெடுநேரம் தனியே விடாது அருகிருந்து காத்தல், கழிவுமீனை வலையருகே எறியாமை, சிக்கியதை விரைந்து அறுத்து விடுவித்தல் ஆகியன மீனவர் தாமே கைக்கொள்ளத் தக்கன. இவற்றுட் சில ஓங்கிலுக்கு மட்டுமன்றி வலைக்கும் காப்பாவன. வலையை அறுப்பதால் வரும் இழப்பை ஏழை மீனவன் தலையில் மட்டும் சுமத்தாது, அதனை ஈடுசெய்யும் வழியைச் சமூகமும் அரசும் காணுதல் வேண்டும். அவ்வாறன்றி அறம் உரைப்பது வெறுஞ்சொல்லாய் முடியும்.

கடலில் விடும் வலை மீனைப் பிடிப்பதோடு அமைவதில்லை. அங்கு வாழும் அறிவுள்ள விலங்கொன்றுக்கு நாள்தோறும் பாடம் நடத்துகின்றது. அப்பாடம் தாயிடமிருந்து குட்டிக்குச் செல்கின்றது. அது திருட்டுக்கும் சாவுக்கும் உரிய பாடமாவதும், இருவரும் பிழைத்தற்குரிய பாடமாவதும், வலையை விடுவோன் அதன் அருகே நிற்கின்றானா என்பதையே பெரிதும் பொறுத்தன.