இடமிருந்தும் இடமில்லை!

ருவான்வெல்லைச் சந்தியில் பஸ்வண்டி வந்து நிற்கின்றது. ஆறு ஆசனங்கள் வெறுமையாக உள்ளன. ஆயினும் அவை ஆங்கொன்றும் ஈங்கொன்றுமாகக் கிடக்கின்றன. தாயும் தந்தையும் குழந்தையும் சேர்ந்தமர வழியில்லை. கணினியின் நினைவகத்திலும் இதே இடர்ப்பாடு உண்டு.

நினைவகத்தைப் பங்கிட்டளிப்பது, பணிசெயல் முறைமையின் கருவாகிய ‘கேர்னல்’ என்பதன் கடமை. பெரும்பாலும் 4096 பைட்டு கொண்ட சிறு பக்கங்களாக அது பகுத்தளிக்கும். பெரிய வேலைகளுக்கோ, அத்தகைய 512 பக்கங்கள் அடுத்தடுத்து அமைந்த 2 மெகாபைட்டுப் பெரும்பக்கமே உகந்தது. 512 முகவரிகளைத் தேடும் இடத்தில் ஒன்றே போதுமன்றோ? ஆனால், செய்நிரல்கள் வந்தும் போயும் இருக்க, வெற்றிடங்கள் துண்டு துண்டாகிவிடுகின்றன.

இதற்கு மருந்தாக மெல் கோர்மன் என்பார் ஆக்கிய ‘நெருக்கல்’ முறை, 2010ஆம் ஆண்டில் லினக்ஸ் கேர்னலில் சேர்ந்தது. நம் கையிலுள்ள அன்ட்ரொய்ட் தொலைபேசியை இயக்குவதும் லினக்ஸ் கேர்னலே. இம்முறையில் தேடுவோர் இருவர் உளர் எனக் கொள்வோம். ஒருவர் நினைவகத்தின் அடியிலிருந்து மேல்நோக்கிச் சென்று, இடம்பெயர்க்கத்தக்க பக்கங்களைத் திரட்டுவார். மற்றவர் உச்சியிலிருந்து கீழ்நோக்கி வந்து வெற்றிடங்களைத் திரட்டுவார். முன்னவர் திரட்டியவை பின்னவர் கண்ட இடங்களிற் குடியேறும். இருவரும் சந்தித்ததும் ஒரு சுற்று முடிவுறும். கேர்னல் தன் சொந்தத் தேவைக்கு வைத்துள்ள பக்கங்கள் பலவற்றை அசைக்க இயலாது, அவை தடைக்கற்களே.

பெரும்பக்கம் கேட்ட பின்னரே ஒழுங்குசெய்யத் தொடங்கினால், கேட்ட செய்நிரல் காத்து நிற்கவேண்டும். ஓயாது ஒழுங்குசெய்தாலோ கணினியின் உழைப்பும் மின்சாரமும் வீணாகும். இவ்விரண்டிற்கும் நடுவழி கண்டவர் நித்தின் குப்தா. 2020இல் 5.9ஆம் பதிப்பிற் சேர்ந்த அவரது முறை, அரை விநாடிக்கொரு தடவை நினைவகத்தின் சிதறலுக்கு 100க்குள் புள்ளியிடும். அப்போது வகுத்த நியமப்படி, புள்ளி 90ஐக் கடந்தால் வேலை தொடங்கும். 80க்கு இறங்கினால் ஓயும். முயன்றும் பயனில்லையெனின், ஏறத்தாழ 30 விநாடி வாளாவிருக்கும்.

மாணவர்கள் ஈண்டு சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. கணினியின் வேகம் குன்றினால், மேலும் நினைவகம் வாங்குவதே வழியெனப் பலரும் எண்ணுகின்றோம். உள்ளதை ஒழுங்குசெய்தும் பயன் பெறலாம். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று அறிவதிலேதான் திறமை இருக்கின்றது. லினக்ஸ் கேர்னலின் மூலநிரலை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம், திருத்தமும் முன்வைக்கலாம். நம் தோட்டத்துப் பிள்ளைகளுள் ஒருவர் அத்திருத்தத்தைச் செய்யும் நாள் வருதல் வேண்டும் என்பதே நமது அவா.