நான்கு கிளாஸ் டீயும் ஃபாரடேயின் மெழுகுவர்த்தியும்

ஒரு சின்ன விளையாட்டு. எல்லோருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டு ஒன்றை மனத்துக்குள் பாடிக்கொண்டே, அதன் தாளத்தை மட்டும் மேஜைமேல் விரலால் தட்டுங்கள். வாய் திறக்கக் கூடாது. அது என்ன பாட்டு என்று எதிரே இருப்பவர் சொல்ல வேண்டும். தட்டுகிற உங்களுக்கு, இதைச் சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடுமே என்று தோன்றும். எதிரே இருப்பவரோ திருதிருவென்று விழிப்பார்.

1990இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆராய்ச்சி மாணவி இதையே சோதனையாகச் செய்து பார்த்தார். தட்டப்பட்ட பாட்டுகள் 120. பாதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் கணித்தார்கள். கண்டுபிடித்ததோ மூன்றே மூன்று. தட்டுகிறவரின் தலைக்குள் வாத்தியங்களோடு முழுப் பாட்டும் ஓடுகிறது. கேட்கிறவருக்குக் கிடைப்பது டொக், டொக், டொக். ஒன்றை அறிந்துகொண்ட பிறகு, அதை அறியாதவரின் நிலை நமக்குப் பிடிபடுவதே இல்லை. உளவியலில் இதற்கு ‘அறிவின் சாபம்’ என்று பெயர். மைக் பிடிக்கும் நிபுணர்கள் பலர் மேஜையைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கேட்பவர் பக்கமும் ஒரு நெருக்கடி உண்டு. காதில் விழுந்ததைப் புரிந்து முடிக்கும்வரை மூளை பிடித்துவைத்திருக்கும் தற்காலிக இடத்தைச் ‘செயல்நினைவு’ என்கிறார்கள். அதில் ஏழு விஷயங்கள், ஒன்றிரண்டு கூடவோ குறையவோ, தங்கும் என்று 1956இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 2001இல் நெல்சன் கோவன் அதையும் குறைத்துவிட்டார்: சுமார் நான்குதான். ஒரே கையில் நான்கு கிளாஸ் டீயைக் கோத்துப் பிடித்து வரும் கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதை நீட்டினால், இருப்பதில் ஒன்றைக் கீழே வைத்துவிட்டுத்தான் அதை வாங்குவார். ‘இதில் பன்னிரண்டு முக்கியக் கூறுகள் இருக்கின்றன’ என்று ஒருவர் ஆரம்பிக்கும்போது அரங்கில் எத்தனை கிளாஸ் உடையும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நல்ல வேளையாக, மூளைக்கு ஒரு குறுக்குவழி தெரியும். சேர்த்துக் கட்டிய பல விஷயங்களை அது ஒன்றாகவே எண்ணிக்கொள்ளும். பத்து இலக்க மொபைல் எண்ணை ஐந்தைந்தாகப் பிரித்துச் சொல்கிறோமே, அது இந்தக் குறுக்குவழிதான். கதையும் அப்படித்தான்: காரணமும் விளைவுமாகக் கோத்துவிட்டால் ஆறு தகவல்கள் ஒரே கட்டாக உள்ளே போய்விடும்.

அந்தச் சின்ன இடத்துக்குள்ளும் தடுப்பு இருக்கிறது. சொற்களுக்கு ஒரு பக்கம், காட்சிகளுக்கு ஒரு பக்கம் என்று 1974இல் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் காட்டினார்கள். சொற்களின் பக்கத்துக்கு ‘ஒலிச்சுற்று’ என்று பெயர். விசித்திரம் என்னவென்றால், கண்ணால் படிக்கும் எழுத்தும் இந்த ஒலிச்சுற்றுக்குத்தான் வந்து சேர்கிறது. மௌனமாகப் படிக்கும்போது உள்ளே ஒரு குரல் கேட்கிறதல்லவா? ஆகவே திரையில் பத்தி பத்தியாக எழுத்தைப் போட்டுவிட்டு அதன்மேலேயே பேசுகிறவர், ஒரே வாசலுக்கு இரண்டு வண்டிகளை அனுப்புகிறார். வரிக்கு வரி வாசித்தாலும் பிழைக்க முடியாது. கண் வாயைவிட வேகமானது. அவர் மூன்றாம் வரியில் இருக்கும்போது சபை கடைசி வரியை முடித்துவிட்டு வாட்ஸ்அப் பார்க்கப் போயிருக்கும். படம் என்றால் கதையே வேறு. அது அடுத்த வாசல் வழியாக வருவதால், படமும் பேச்சும் மோதாமல் உள்ளே போய்க் கைகோத்துக்கொள்ளும். 1987இல் பவர்பாயிண்ட் வந்ததிலிருந்து ‘பிபிடி போடுவது’ என்றாலே எழுத்தை நிரப்புவது என்று ஆகிப்போனது அந்த மென்பொருளின் குற்றமில்லை.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு புத்தக பைண்டர் இவற்றைப் பாதி கண்டுபிடித்துவிட்டார். கொல்லர் மகன் மைக்கேல் ஃபாரடே, லண்டனில் புத்தகம் கட்டும் தொழில் பழகிக்கொண்டிருந்தார். 1812இல் வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த டிக்கெட்டில், ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கப் போனார். வேதியியலைக் கவனித்ததோடு சொற்பொழிவையும் ஒரு கருவியைப் போலப் பிரித்துப் பார்த்தார். அடுத்த ஆண்டு அங்கேயே உதவியாளர் வேலை கிடைத்தது. 21 வயதில் நண்பர் பெஞ்சமின் அபட்டுக்கு எழுதிய கடிதங்களில் அரங்கின் வடிவம், காற்றோட்டம், நுழைவாசல், மேஜைமேல் கருவிகளை வைக்கும் விதம் என்று ஒவ்வொன்றையும் அலசுகிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரும் பேசக் கூடாது என்பது அவர் கட்சி.

பின்னாளில் இளம் பேச்சாளர் ஒருவருக்கு அவர் சொன்ன யோசனை: கையிலிருக்கும் கல்லை விட்டால் கீழே விழும் என்று சொன்னால், கையைத் திறந்து கல்லை விழ விட்டுக் காட்டு. கேட்பவருக்கு இது முன்பே தெரியும் என்று எதையும் வைத்துக்கொள்ளாதே. காதோடு பேசும்போதே கண்ணுக்கும் காட்டு. எலிசபெத் நியூட்டனின் மேஜைத் தட்டலும் பேட்லியின் இரண்டு வாசல்களும் அந்த ஒற்றைக் கல்லில் அடங்கிவிடுகின்றன.

1860ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்கு ஃபாரடே ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். பொருள்: மெழுகுவர்த்தி. எரிவது மெழுகா, திரியா? எரியும் சுடரின் நடுவிலுள்ள கருமையான பகுதிக்குள் வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை நுழைத்தார். மறுமுனையில் நெருப்பை நீட்டியதும் அங்கே இன்னொரு சுடர் எரிந்தது. மெழுகு உருகி, திரி வழியே ஏறி, ஆவியாகி, அந்த ஆவியே எரிகிறது. இதை வீட்டிலும் பார்க்கலாம். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்த மறுகணம், திரியிலிருந்து எழும் வெண்புகையில் இரண்டு அங்குலம் மேலே தீக்குச்சியைக் காட்டுங்கள். நெருப்பு புகை வழியே குதித்து இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். வெறும் காற்றில் நெருப்பு நடந்துபோவதைப் பார்த்த குழந்தைக்கு ‘ஆவி’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் பிறவி வரம் என்று நினைத்துவிட வேண்டாம். பேச்சுக்கலை ஆசிரியர் பெஞ்சமின் ஸ்மார்ட்டிடம் காசு கொடுத்துப் பாடம் கேட்டவர் அவர். அதே ஆசிரியரைத் தம் உரைகளுக்கு வரவழைத்துக் குறை சொல்லச் சொன்னார். மேஜையில் ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டை ஒன்று இருக்கும். வேகம் எடுத்தால் உதவியாளர் ஆண்டர்சன் அதை எடுத்து எதிரே வைப்பார். நேரம் முடியப்போகிறது என்பதற்கு இன்னொரு அட்டை. பிறருக்காக ஸ்லைடு போடுகிறவர்கள் நிறைய. தமக்கே ஸ்லைடு போட்டுக்கொண்டவர் இவர்.

பயம்? மனிதரைப் பாதுகாப்பாகப் பதற்றப்படுத்த ஆய்வகத்துக்கு ஒரு வழி தேவைப்பட்டபோது, ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தார் 1993இல் தேர்ந்தெடுத்த ஆயுதமே மேடைப்பேச்சுதான். முகத்தில் எந்தச் சலனமும் காட்டாத நடுவர்கள் முன்னால் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிறகு 1022இலிருந்து பதிமூன்று பதிமூன்றாக வாய்க்கணக்கில் கழிக்க வேண்டும். கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் இரண்டு முதல் நான்கு மடங்குவரை எகிறுகிறது. உலகெங்கும் ஆய்வகங்களில் இன்றும் இது பரவலான நடைமுறை. ஆனால் உள்ளே அடிக்கும் அந்த முரசு வெளியே அவ்வளவாகக் கேட்பதில்லை. பேச்சாளர்கள் நினைப்பதைவிட அவர்களுடைய நடுக்கம் சபையின் கண்ணில் குறைவாகவே படுகிறது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்கள் இன்னும் நன்றாகப் பேசினார்கள் என்பது கூடுதல் செய்தி.

ராயல் இன்ஸ்டிடியூஷனிலும் பயந்தவர் பற்றி ஒரு கதை உண்டு. 1846இல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பேச வேண்டிய சார்லஸ் வீட்ஸ்டன் கடைசி நிமிடத்தில் படியிறங்கி ஓடிவிட்டாராம். வரலாற்றாசிரியர்கள் இதை முழுக்க நம்புவதில்லை. ஆனாலும் பேச வருகிறவரைச் சிறிது நேரம் முன்னதாக ஓர் அறையில் வைத்துப் பூட்டும் வழக்கம் இந்தக் கதையின் பேரில்தான் அங்கே வந்தது. அன்று பதிலுக்கு மேடையேறிய ஃபாரடே, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தும் நேரம் மிச்சமிருந்தது. ஒத்திகை இல்லாமல் வாய் திறக்காத அந்த மனிதர், ஒளி என்பது மின், காந்த விசைக்கோடுகளின் அதிர்வாக இருக்கலாம் என்று மனத்தில் பாதி வெந்த நிலையில் இருந்த ஒரு யோசனையை எடுத்து விட்டார். தம்முடைய ஒளியின் மின்காந்தக் கோட்பாடு சாரத்தில் அதேதான் என்று 1865இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் எழுதினார்.