பால்சுரப்பியும் ஒரு மரபணுவும்

குமரி மாவட்டம் சிதறால் மலையில் 9ஆம் நூற்றாண்டளவில் சமணர் செதுக்கிய புடைப்புச் சிற்பங்களுள், அம்பிகை என்னும் இயக்கியின் உருவமும் ஒன்று. அவளருகே குழந்தைகள் இருவர் நிற்கின்றனர். தாய்மையைக் கல்லில் வடித்த அச்சிற்பிக்குப் புலப்படாத நுண்ணிய வேலையொன்று ஒவ்வொரு தாயின் மார்பகத்துள்ளும் நடைபெறுகிறது.

இதயம், ஈரல் முதலிய உறுப்புகள் கருவிலேயே உருப்பெற்றுவிடுகின்றன. மார்பகமோ பிறக்கும்போது சில நாளக்கிளைகளை மட்டுமே கொண்டது. பூப்பெய்தும் பருவத்தில் அக்கிளைகள் நீண்டு படர்கின்றன. கருவுற்ற காலத்தில்தான் பால் சுரக்கும் நுண்ணறைகள் கொத்துக் கொத்தாகத் தோன்றுகின்றன. குழந்தை பால்குடி மறந்தபின் அவை ஒடுங்கி, அடுத்த மகப்பேற்றில் மீண்டும் தளிர்க்கின்றன. இங்ஙனம் பலமுறை பெருகும் உறுப்பில், உயிரணுக்களுக்குப் ‘பிரிக’ என ஆணையிடுவதோடு ‘நில்’ எனத் தடுப்பதும் இன்றியமையாததாகும்.

அவ்வாணையின் தடத்தை முதலில் காட்டியது ஒரு கடல் உயிரி. 1982ஆம் ஆண்டு டிம் ஹண்ட் என்னும் ஆங்கில அறிஞர், கடல் முள்ளெலியின் முட்டைகளில் ஒரு புரதம் ஒவ்வோர் உயிரணுப் பிரிவுக்கு முன்பும் பெருகிப் பின் அழிவதைக் கண்டார். சுழற்சியாய் வந்து மறைவதால் அதற்குச் ‘சைக்ளின்’ என்று பெயரிட்டார். 2001இல் மேலும் இருவருடன் நோபல் பரிசு பெற்றார்.

அக்குடும்பத்தைச் சேர்ந்த சைக்ளின் டி1 என்னும் புரதத்தை ஆக்கும் மரபணு, மனிதரின் 11ஆம் குரோமோசோமில் உள்ளது. ஈஸ்ட்ரோஜன் போன்ற வளர்ச்சிச் செய்திகள் வந்ததும் இப்புரதம் பெருகி, இரண்டு நொதிகளோடு சேர்ந்து, உயிரணுவின் கதவுக்குத் தாழ்ப்பாள்போல் அமைந்த மற்றொரு புரதத்தை விலக்குகிறது. கதவு திறந்ததும் உயிரணு தன் டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் பிரியத் தொடங்குகிறது.

1995இல் இம்மரபணு நீக்கப்பட்ட எலிகள் ஆராயப்பட்டன. அவை உடல் சிறுத்தனவாயினும் உயிர் வாழ்ந்தன. ஆனால் கருவுற்றபோது அவற்றின் பால்சுரப்பிகள் உரியவாறு பெருகவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில், இதே மரபணு மார்பகத்தில் மிகுதியாகச் செயல்படுமாறு உருவாக்கப்பட்ட எலிகளுக்கோ மார்பகப் புற்று தோன்றியிருந்தது. பாலூட்ட உதவும் ஒன்றே, அளவு மீறினால் நோய்க்கும் துணைபோகிறது.

எனினும் இம்மரபணுவையே முழுக் குற்றவாளியாக்குதல் அவசர முடிவாகும். 2001இல் வெளிவந்த ஆய்வில், இம்மரபணு இல்லாத எலிகள் சிலவகைப் புற்றுத் தூண்டல்களை எதிர்த்து நின்றன. வேறு சிலவற்றால் நோயுற்றன. புற்றுக்குப் பல வழிகள் உண்டு. இது அவற்றுள் ஒன்றின் வாயில். அவ்வாயிலை அடைக்கும் முயற்சியும் பயனளித்தது. சைக்ளினோடு சேரும் நொதிகளைத் தடுக்கும் பால்போசிக்லிப் என்னும் மருந்துக்கு 2015இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஹார்மோன் சார்ந்து வளரும், முற்றிய மார்பகப் புற்றுக்கு இவ்வகை மருந்துகள் இன்று வழங்கப்படுகின்றன.

மருத்துவம் குமரிக்குப் புதியதன்று. எவரெஸ்ட் மலையேற்றக் குழுவில் சென்ற அறுவை மருத்துவர் சாமர்வெல், இம்மாவட்டத்து நெய்யூரில் நெடுங்காலம் பணியாற்றினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாற்றில் 1954இல் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. ஆயினும் மருத்துவமனை வாயிலை அடையுமுன் பெண்கள் கடக்க வேண்டிய தடை வேறொன்று உள்ளது. தாய்க்கு மார்பகப் புற்று என்றால் மகளின் திருமணம் தடைபடுமோ என அஞ்சிக் கட்டியை மறைப்பவர் உளர். தொடக்கத்தில் வலியும் இராமையால் மறைப்பது எளிதாகிறது.

‘மரபணு’ என்னும் சொல்லே இவ்வச்சத்தை வளர்க்கிறது. பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக் குறையால் தோன்றும் மார்பகப் புற்று, நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து முதல் பத்து வரையே. அத்தகைய குடும்பங்களுக்கு உரிய பரிசோதனையும் ஆலோசனையும் தேவை. சைக்ளின் டி1 மரபணு புற்றில் படிபல ஆவதோ, வாழ்நாளில் மார்பகத்தின் சில உயிரணுக்களுக்குள் மட்டும் நேரும் மாற்றம். அம்மாற்றம் தாயின் கருமுட்டையில் இல்லை. மகளிடம் செல்வதும் இல்லை.