எல்லாம் அடங்கிய விடுமுறை



தோட்டத்துக் குடும்பங்கள் வெளியூர் செல்வதற்கு முன்பெல்லாம் இரண்டே காரணங்கள்தாம் இருந்தன. ஒன்று திருவிழா, மற்றொன்று உறவினர் வீட்டு நல்லது கெட்டது. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கோ பினாங்குத் தண்ணீர்மலைக்கோ தோட்டத்து லாரியில் போய்த் திரும்புவார்கள். எப்போதாவது போர்ட்டிக்சன் கடற்கரையில் ஒரு பகல் கழியும். கட்டுச்சோறு கையோடு போகும். இரவு தங்குவது என்ற பேச்சே இராது. இன்று நிலைமை வேறு. "தீவுக்குப் போகலாம், 3 நாள் 2 இரவு, படகு, சாப்பாடு, எல்லாம் அடக்கம்" என்று பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். கூட்டுப் பணம் எடுத்த மாதமாக இருந்தால் பெற்றோருக்கும் ஆசை எழுகிறது.

ஆசைப்படுவதில் தவறு ஒன்றும் இல்லை. உழைக்கிறவருக்கு ஓய்வு என்பது முதலாளி போடும் தருமம் அன்று. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, ஒரே இடத்தில் 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாளும், 2 ஆண்டு முதல் 5 ஆண்டுக்குள் இருப்பவருக்கு 12 நாளும், அதற்கு மேற்பட்டவருக்கு 16 நாளும் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அந்த நாள்களை எப்படிச் செலவிடுவது என்பது அவரவர் விருப்பம். ஆனால் 2025ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஒரு குடும்பம் மூன்று நாள் தீவுக்குப் போய்வர ஏறக்குறைய அந்த அளவு பணம் ஆகிவிடலாம். ஒரு மாத உழைப்பைக் கொடுத்து வாங்கும் பொருளை அரிசி பார்த்து வாங்குவதுபோல் அள்ளிப் பார்த்துத்தானே வாங்கவேண்டும்?

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். பிரான்சு நாட்டில் 1936ஆம் ஆண்டு தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை சட்டமாயிற்று. கையில் விடுமுறை இருந்தது. பெரிய ஓட்டல்களில் தங்கப் பணம் இல்லை. உலகப் போர் முடிந்த பின், 1950ஆம் ஆண்டில், பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜெரார் பிளிட்ஸ் என்பவர் ஸ்பெயின் நாட்டு மயோர்க்கா தீவில், அல்கூடியா என்னும் ஊரில், கடலோரம் கூடாரங்கள் அடித்து ஒரு விடுமுறை முகாம் தொடங்கினார். சாப்பாடு, விளையாட்டு, தங்குமிடம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். அதுவே கிளப் மெட் என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. நம் நாட்டில், பகாங் மாநிலத்துச் செராத்திங் கடற்கரையில், 1980ஆம் ஆண்டையொட்டி அவர்களுடைய விடுதி திறக்கப்பட்டது. ஆசியாவில் அவர்களுக்கு அதுவே முதல் விடுதி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த நாளில் கிளப் மெட்டில் பணப்பையைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம் என்பதற்காகப் பாசிமணிகளைக் கோத்து விருந்தினர் கழுத்தில் போட்டுவிட்டார்கள். மது குடிக்க விரும்பியவர் மணியைக் கழற்றிக் கொடுத்து வாங்கிக்கொள்வார். மணியோ காசு கொடுத்து வாங்கியது! ஆக, எல்லாம் அடக்கம் என்று சொன்ன இடத்திலும் ஏதோ ஒன்று அடங்காமலேதான் இருந்திருக்கிறது.

இந்த உண்மையை நம் பெரியவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் தோட்டமே எல்லாம் அடங்கிய இடமாகத்தானே இருந்தது? லயத்து வீடு தோட்டத்துடையது. தண்ணீர் தோட்டத்துடையது. காய்ச்சல் என்றால் டிரசர், கைக்குழந்தைக்கு ஆயாக் கொட்டகை, பிள்ளைக்குப் பள்ளி, சாமிக்குக் கோயில், மாலையில் கள்ளுக்கடை. வேலிக்கு வெளியே போகாமலே பிறந்து, வளர்ந்து, கண்மூடியவர்களும் உண்டு. வாடகை இல்லாத வீடு என்றார்கள். அந்த வாடகை குறைந்த கூலிக்குள் ஒளிந்திருந்தது. கடையில் கடனாக வாங்கிய அரிசியும் பருப்பும் சம்பள நாளில் கணக்காகி நின்றன. யாரும் எதையும் இனாமாகக் கொடுக்கவில்லை. விடுதியிலும் அப்படித்தான். காலைப் பலகாரமும் மாலைத் தேநீரும் இனாம் அல்ல. நாம் முன்கூட்டியே கட்டியவை.

ஆனால், முன்கூட்டியே கட்டுவதில் ஒரு நன்மை இருக்கிறது. செலவின் எல்லை தெரியும். நான்கு பேர் போனால் இவ்வளவு, அதற்கு மேல் இல்லை என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளலாம். பிள்ளை ஐஸ்கிரீம் கேட்கும்போதெல்லாம் தகப்பன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. காசை எண்ணியே பழகிய குடும்பத்துக்கு மூன்று நாள் எண்ணாமல் இருப்பதே பெரிய ஓய்வு.

அதைவிடப் பெரிய நன்மை தாய்மார்களுக்கு. கடலோரத்தில் மலிவான அறை எடுத்துத் தங்கும் குடும்பங்களைக் கவனித்திருக்கிறோம். சோறாக்கும் பானை, அரிசி மூட்டை, மிளகாய்த்தூள் டப்பா எல்லாம் வேனில் கூடவே வரும். ஆண்களும் பிள்ளைகளும் கடலில் குளிப்பார்கள். அம்மா அறைக்குள் மீன் வறுத்துக்கொண்டிருப்பார். இடம் மாறியதே தவிர அடுப்பு மாறவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு வேலைக்காட்டுக்குப் போகும் ஒரு பெண், தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பிறர் சமைத்ததைச் சாப்பிடுகிறார் என்றால், அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த ஏற்பாட்டைப் பாதி மன்னித்துவிடலாம்.

இனி, பணத்தைப் பார்ப்போம். பள்ளிக்கூடத்துக் கணக்குப்போல் ஒன்றைப் போடுவோம். தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். பெரியவருக்கு 450 வெள்ளி, பிள்ளைக்கு 300 வெள்ளி என்றால் பேக்கேஜ் 1,500 வெள்ளி. தனித்தனியாகச் செலவழித்தால்? அறை இரண்டு இரவுக்கு 500. படகு போக வர 340. சாப்பாடு மூன்று நாளுக்கு 450. பவளப்பாறை பார்க்கும் கடல் பயணம் ஆளுக்கு 40 வீதம் இரண்டு முறை, 320. கூட்டினால் 1,610. பேக்கேஜில் 110 வெள்ளி மிச்சம். ஆனால் அம்மாவுக்கும் ஒரு பிள்ளைக்கும் கடல் என்றால் பயம், அவர்கள் கரையிலேயே இருந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனிச்செலவில் 160 குறைந்து 1,450 ஆகிறது. இப்போது பேக்கேஜில் 50 வெள்ளி நட்டம். அதே விடுதி, அதே விலைதான். யார் எதைப் பயன்படுத்துவார்கள் என்பதை முன்னாலேயே கேட்டுக் கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். புரட்டாசி மாதத்தில் போகிற சைவக் குடும்பம் மேசை நிறைய இருக்கும் கோழிக்கும் இறாலுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். மரக்கறி உணவு தனியாகச் செய்து தருவார்களா என்று முன்கூட்டியே கேட்பது நல்லது.

"கட்டிய காசுக்குச் சாப்பிட வேண்டாமா?" என்று தட்டைக் குவித்து, பாதியைக் குப்பைக்கு அனுப்புகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. வயிறு விடுதிக்காரருடையது அல்ல.

நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. விடுதியின் வேலிக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ரெடாங், பெர்ஹெந்தியான் போன்ற தீவுகளில் விடுதிக் கடற்கரையை விட்டால் சாப்பாட்டுக் கடைகள் குறைவு. உணவுப் பொருளெல்லாம் கரையிலிருந்து படகில் வரவேண்டும். அங்கே உணவும் படகும் அடங்கிய கட்டணம் பொருத்தமானதே. கரையில் அப்படியன்று. செராத்திங்கில் கம்பத்துக் கடைகள் இருக்கின்றன. பாத்தேக் துணி எழுதுவதைப் பார்க்கலாம். ஆற்றில் படகேறி இரவில் மின்மினிப் பூச்சிகளைக் காணலாம். கோலத் திரங்கானுவில் பாசார் பாயாங் சந்தை இருக்கிறது. சுடச்சுடக் கெரோப்போக் லேக்கோர் கிடைக்கும். போர்ட்டிக்சனில் ஈக்கான் பாக்கார் கடைகளுக்குப் பஞ்சமில்லை. இத்தகைய இடங்களில் மூன்று வேளைக்கும் முன்பணம் கட்டிவிட்டால், வேலிக்கு வெளியே போக மனம் வராது. போனால் ஏற்கெனவே கட்டிய காசு வீணாகிறதே!

அதனால் இழப்பு நமக்கு மட்டுமன்று. சாலையோரத்தில் நாசி லெமாக் விற்கும் அம்மையாருக்கும், படகு ஓட்டும் மீனவருக்கும் அது இழப்பு. நாம் கொடுக்கும் வெள்ளி வேலிக்குள் நுழைந்தால், ஒரு பகுதி அங்கே வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளமாகும். மற்றது நிறுவனத்தின் உடைமையாளர் எங்கே இருக்கிறாரோ அங்கே போகும். கிளப் மெட் நிறுவனமே 2015ஆம் ஆண்டில் சீன நாட்டு ஃபோசுன் குழுமத்தின் கைக்கு மாறியது. இது இங்குள்ள குறை மட்டுமன்று. ஜமைக்கா தீவில், மாண்டிகோ பே நகரில், 1981ஆம் ஆண்டு தொடங்கிய சாண்டல்ஸ் போன்ற விடுதிகள் உலகப் புகழ் பெற்றபோது, மதிலுக்கு வெளியே இருந்த சிறு கடைக்காரர்களும் வண்டிக்காரர்களும் இதே முறையீட்டைத்தான் எழுப்பினார்கள். கரும்புத் தோட்டங்களால் பெயர் பெற்ற தீவு அது. நம்மைப்போலவே கடல் கடந்து கூலிகளாகப் போன இந்தியர்களின் வழிவந்தவர்கள் அங்கும் இருக்கிறார்கள். விடுதிகளால் வேலை கிடைக்கிறது என்பதும் உண்மையே. தோட்டத்தில் பிறந்த நம் பிள்ளைகளும் விடுதிகளில் அறை துடைக்கிறார்கள், பரிமாறுகிறார்கள். அங்கே போனால் அவர்களை "தம்பி", "தங்கச்சி" என்று அழைத்து ஒரு வார்த்தை பேசுங்கள்.

போவதென்று முடிவு செய்துவிட்டால் சில கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 3 நாள் 2 இரவு என்பது பெரும்பாலும் முதல் நாள் நண்பகல் தொடங்கி மூன்றாம் நாள் நண்பகலில் முடிந்துவிடும்; ஆகவே எத்தனை வேளைச் சாப்பாடு என்று எண்ணிக் கேளுங்கள். கடல் பூங்காக் கட்டணம், முகமூடி வாடகை, வீட்டிலிருந்து படகுத்துறை வரையிலான பயணம் இவை பல சமயம் அடங்குவதில்லை. 2024ஆம் ஆண்டு மார்ச் முதல் 8 விழுக்காடாக உயர்ந்த சேவை வரி விலைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? எத்தனை வயது வரை பிள்ளைக் கட்டணம்? நீந்தத் தெரியாத பிள்ளைக்கு அதன் உடலுக்கேற்ற மிதவைச் சட்டை உண்டா? நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் கரையில் பருவமழை. தீவு விடுதிகளில் பலவற்றை அப்போது மூடிவிடுவார்கள். அதையொட்டிய வாரங்களில் மலிவாகக் கிடைத்தால், படகு ஓடாவிட்டால் பணம் திரும்புமா என்று முதலில் கேளுங்கள்.

பயண முகவர் 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் பணம் கொடுக்க வேண்டாம். நிறுவனத்தின் பெயரில் இல்லாத வங்கிக் கணக்கில் முன்பணம் கட்டவும் வேண்டாம்.

விளம்பரத்தையும் ரசீதையும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால், பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் முறையிடலாம். 5 வெள்ளி கட்டணம் செலுத்தி, முதல் பாரத்தை நிரப்பிக் கொடுத்தால் போதும். 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் கோரவேண்டும். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. பாரம் மலாய் மொழியில் இருப்பது சிரமமாக இருந்தால், இடைநிலைப்பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளையை அருகில் உட்காரவைத்து நிரப்பச் சொல்லுங்கள்.