எம்டன்: சென்னையைத் தாக்கிய ஜெர்மானியக் கப்பல்

எஸ்.எம்.எஸ். எம்டன் என்பது ஜெர்மானியப் பேரரசுக் கடற்படையின் ஓர் இலகுரகப் போர்க்கப்பல். முதல் உலகப் போரின் தொடக்கத்தில், 1914 செப்டம்பர் 22 அன்று இரவு, இது சென்னைத் துறைமுகப் பகுதியின் மீது குண்டு வீசியது. ஜெர்மனியின் வடமேற்கில் உள்ள எம்டன் நகரின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது.

கப்பலின் வகை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனும் ஜெர்மனியும் பெரும் போர்க்கப்பல்களைப் போட்டியிட்டுக் கட்டின. தடித்த எஃகுக் கவசமும் மிகப் பெரிய பீரங்கிகளும் கொண்ட இவை ஏறத்தாழ 20,000 டன்னும் அதற்கு மேலும் எடை கொண்டவை. எம்டன் இந்த வகையைச் சேர்ந்ததன்று. இதன் எடை ஏறத்தாழ 3,600 டன்; நீளம் 118 மீட்டர். 10.5 சென்டிமீட்டர் வாய் அளவுள்ள பத்து பீரங்கிகள் இதில் இருந்தன. எதிரியின் பெருங்கப்பல்களோடு மோதுவது இதன் வேலையல்ல. உளவு பார்ப்பதும் வணிகக் கப்பல்களை வேட்டையாடுவதுமே வேலை.

1908இல் டான்சிக் நகரில் நீரில் இறக்கப்பட்ட எம்டன், 1910இல் சீனக் கடற்கரையில் ஜெர்மனியின் வசமிருந்த சிங்தாவ் துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டது.

இந்தியப் பெருங்கடலில்

1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது, கிழக்காசியப் படைப்பிரிவின் தளபதி மாக்சிமிலியன் வான் ஸ்பீ தம் கப்பல்களைத் தென் அமெரிக்கா நோக்கி நடத்திச் சென்றார். எம்டனை மட்டும் தனியே இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பினார். அதன் தலைவர் கார்ல் வான் முல்லர்.

எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்று. முல்லர் நான்காவதாகப் போலிப் புகைபோக்கி ஒன்றை அமைத்தார். தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பிரிட்டிஷ் கப்பல் போலத் தெரிந்தது. செப்டம்பரில் வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தது முதல் சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தது, பெரும்பாலானவற்றை மூழ்கடித்தது. நிலக்கரியையும் உணவையும் பிடித்த கப்பல்களிலிருந்தே எடுத்துக்கொண்டது. அக்கப்பல்களில் இருந்தவர்களை முல்லர் பத்திரமாக வேறு கப்பலில் ஏற்றி அனுப்பியதால், எதிரிநாட்டுப் பத்திரிகைகளும் அவரைப் பாராட்டின.

சென்னை மீதான தாக்குதல்

செப்டம்பர் 22 அன்று இரவு ஏறத்தாழ ஒன்பதரை மணிக்கு எம்டன், கரையிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் நின்று சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளே முதல் இலக்கு. இரண்டு தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. மூன்று லட்சம் கேலனுக்கும் மேற்பட்ட மண்ணெண்ணெய் வீணானது. துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்றும் தாக்குண்டது. குறைந்தது ஐந்து பேர் உயிரிழந்தனர். அரை மணி நேரத்தில் ஏறக்குறைய 125 குண்டுகளை வீசிவிட்டு எம்டன் இருளில் மறைந்தது. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டும் எந்தக் குண்டும் அதன் மீது படவில்லை.

இராணுவக் கணக்கில் இழப்பு சிறிது. ஆனால் பிரிட்டிஷ் கடற்படை காவல் இருக்கும்வரை இந்தியக் கரைக்கு ஆபத்தில்லை என்ற நம்பிக்கை உடைந்தது. முல்லரின் நோக்கமும் அதுவே. ஆயிரக்கணக்கானோர் நகரை விட்டு வெளியூர்களுக்குச் சென்றனர். கடல் வணிகம் தடுமாறியது. சென்னை உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் உள்ள நினைவுக் கல் இன்றும் இந்நிகழ்வைக் குறிக்கிறது.

எம்டனின் முடிவு

அக்டோபர் 28 அன்று பினாங்கில் ஒரு ரஷ்யப் போர்க்கப்பலையும் ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலையும் எம்டன் மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்கச் சென்றது. நிலையத்தார் அதற்குள் எச்சரிக்கைச் செய்தி அனுப்பிவிட்டனர். அருகில் சென்றுகொண்டிருந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி விரைந்து வந்தது. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை, வேகமும் அதிகம். சிதைந்த எம்டனை முல்லர் வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறையில் மோதவிட்டார். அதன் மாலுமிகளில் 130க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முல்லர் சிறைப்பட்டார், 1923இல் காலமானார்.

பெருங்கப்பல்களின் முடிவு

ஸ்பீயின் படைப்பிரிவு 1914 டிசம்பர் 8 அன்று பால்க்லாந்துத் தீவுகள் அருகே அழிந்தது. அவரும் அவருடைய இரு மகன்களும் அதில் இறந்தனர். ஜெர்மனியின் பெரும் போர்க்கப்பல்களோ போரின் பெரும்பகுதியைத் துறைமுகத்திலேயே கழித்தன. 1916இல் நடந்த ஜட்லாந்துப் போர் மட்டுமே அவை முழு வலிமையோடு மோதிய போர். சரணடைந்து ஸ்காட்லாந்தின் ஸ்காபா புளோவில் நிறுத்தப்பட்ட 74 கப்பல்களில் 52ஐ, 1919 ஜூன் 21 அன்று ஜெர்மானிய மாலுமிகளே மூழ்கடித்தனர். அவற்றில் பல பிற்பாடு மேலே தூக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. கோனிக், மார்க்கிராஃப், குரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம் ஆகிய மூன்று பெருங்கப்பல்கள் இன்றும் அக்கடலடியில் கிடக்கின்றன.

செண்பகராமன் பிள்ளை பற்றிய செய்தி

திருவனந்தபுரத்தில் பிறந்த விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்து சென்னையைத் தாக்கினார் என்ற செய்தி தென்மாவட்டங்களில் பரவலாக வழங்குகிறது. அவர் ஜெர்மனியின் துணையோடு இந்திய விடுதலைக்கு உழைத்தது உண்மை. ஆனால் எம்டன் 1910 முதல் கிழக்கே இருந்தது. 1914இல் அவர் இருந்தது ஐரோப்பாவில். அவருடைய பெருமைக்கு இக்கதை தேவையில்லை.

சொல்லாக எம்டன்

கப்பல் போனாலும் பெயர் தங்கிவிட்டது. கடலை எட்டாத தென்காசி, குற்றாலம் பகுதிகள் உட்படத் தமிழ்நாடெங்கும் 'சரியான எம்டன்' என்றால் எவருக்கும் பிடிபடாத கெட்டிக்காரர், அல்லது கண்டிப்பும் மிரட்டலும் உள்ளவர் என்று பொருள். 2006இல் வெளியான 'எம் மகன்' திரைப்படத்துக்கு முதலில் வைத்த பெயர் 'எம்டன் மகன்'. செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் மலையாளத்தில் 'எமண்டன்' என்பது மிகப் பெரியது என்னும் பொருளில் வழங்குகிறது. அதுவும் இக்கப்பலின் பெயரிலிருந்து வந்ததென்பர். சிங்களத்திலும் இப்பெயர் தந்திரசாலியைக் குறிக்கிறது. 20,000 டன் பெருங்கப்பல்களில் ஒன்றின் பெயர்கூடத் தமிழ்ப் பேச்சில் இடம்பெறவில்லை. அரை மணி நேரம் வந்து சென்ற சிறு கப்பலின் பெயர் நூறாண்டு கடந்தும் புழங்குகிறது.