யார் இந்த பிஷப் பெர்க்ராவ்? ராஜினாமாவையே ஆயுதமாக்கிய கதை!

நாட்டைப் பிடித்திருப்பது ஹிட்லரின் படை. பாதிரியார்களுக்குச் சம்பளம் கொடுப்பதோ அரசு. இந்த நிலையில் ஒரு பிஷப் என்ன செய்ய முடியும்? செய்து காட்டியவர், நார்வேயின் லூத்தரன் பிஷப் எய்விந்த் பெர்க்ராவ்.

யார் இவர்?

1884-ல் ஸ்டாவாங்கரில் பிறந்தவர். ஆசிரியர், பத்திரிகை ஆசிரியர், சிறைச்சாலை பாதிரியார் எனப் பல வேலை பார்த்தவர். 1937-ல் ஒஸ்லோ பிஷப் ஆனார்.

என்ன பிரச்னை?

1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்தது. 1942 பிப்ரவரியில் ஆட்சித் தலைவரானார் நாஜி ஆதரவாளர் குவிஸ்லிங். 10 முதல் 18 வயது வரை எல்லாப் பிள்ளைகளும் கட்சியின் இளைஞர் அமைப்பில் சேரணும்னு உடனே சட்டம் போட்டார். பிள்ளை வளர்ப்பு பெற்றோரின் பொறுப்பு என்று திருச்சபை எதிர்த்தது.

ராஜினாமா ஏன்?

பிப்ரவரி 24-ல் 7 பிஷப்புகளும் அரசுப் பதவியை விட்டார்கள். ஏப்ரல் 5, ஈஸ்டர் அன்று பெரும்பாலான பாதிரியார்களும் அதையே செய்தார்கள். ஆனால் விட்டது அரசு வேலையை மட்டும்தான். சபை மக்களை இல்லை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் தொடர்ந்தன.

பிறகு என்ன ஆச்சு?

அதே வாரம் பெர்க்ராவ் கைது. ஆஸ்கர் பகுதியில் ஒரு காட்டு வீட்டில் 3 ஆண்டுகள் காவல். ஆனால் அந்தச் சட்டத்தைக் குவிஸ்லிங்கால் கடைசி வரை நடைமுறைப்படுத்த முடியவில்லை. போர் முடிந்ததும் குவிஸ்லிங்குக்கு மரண தண்டனை. பெர்க்ராவ் மீண்டும் பிஷப். 1959-ல் காலமானார். குவிஸ்லிங் பெயரோ, ஆங்கிலத்தில் இன்றும் 'துரோகி' என்ற சொல்!