மெற்றல் இசையில் தலைசிறந்த பாடல் எது?

எந்தக் கலையையும் சுவைப்போர் நாளடைவில் இரண்டு வினாக்களை எழுப்புவர். இக்கலையில் தலைசிறந்த படைப்பு எது என்பது ஒன்று. எவையெல்லாம் இக்கலைக்குள் அடங்கும் என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விடை கூறப் புகுந்தவர் எவரும் இரண்டாம் வினாவைத் தாண்டிச் செல்ல இயலாது. தமிழிலக்கியம் பயின்றோர்க்கு இந்த இடர்ப்பாடு புதியதன்று. பதினெண்கீழ்க்கணக்கு என்னும் வரிசையில் இடம்பெறவேண்டியது கைந்நிலையா, இன்னிலையா என்று அறிஞர்கள் நெடுநாள் வாதிட்டதை அவர்கள் அறிவர். நூல்களின் எண்ணிக்கை உறுதியாயிருந்தும், எந்நூல் உரியது என்பதில் வழக்கு எழுந்தது. இதையொத்த வழக்கொன்று மேனாட்டு இசையுலகில் ஐம்பது ஆண்டுகளாக ஓயாது நடைபெற்று வருகின்றது. கெவி மெற்றல் என்னும் இசைவகையில் முதலிடம் எப்பாடலுக்கு உரியது என்பதே அவ்வழக்கு.

கெவி மெற்றல் என்னும் ஆங்கிலத் தொடருக்குக் கனமான உலோகம் என்பது பொருள். ஈயம், பாதரசம் முதலியவற்றைக் குறிக்க இரசாயன நூலார் வழங்கிய இத்தொடரை, வில்லியம் பரோஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1960களில் தம் புதினங்களில் எடுத்தாண்டார். 1968 ஆம் ஆண்டு ஸ்ரெப்பன்வுல்ஃப் என்னும் குழுவினர் வெளியிட்ட புகழ்பெற்ற பாடலொன்றிலும் இது இடம்பெற்றது. பின்னர், 1970களில், ஒரு தனி இசைவகையின் பெயராக இது நிலைபெற்றது.

இவ்விசையைப் புதிதாகக் கேட்பவரின் செவியில் முதலிற் படுவது அதன் பேரோசை. ஆயினும் பேரோசை ஒன்றே இதன் இலக்கணம் ஆகாது. தவிலும் பறையும் கூடப் பேரோசை உடையனவே. மின்கிற்றாரின் ஒலியை, ஒலிபெருக்கி தாங்கும் அளவுக்கு மேலாகச் செலுத்தும்போது அவ்வொலி சிதைந்து, கரகரப்பும் கனமும் பெறுகின்றது. முன்னாளிற் குறையெனக் கருதப்பட்ட இச்சிதைவையே மெற்றல் இசைஞர் தம் முதன்மையான அணியாகக் கொண்டனர். இரண்டாவதாக, அவர்கள் சட்சத்தையும் பஞ்சமத்தையும் ஒருங்கே மீட்டி, இடைப்பட்ட காந்தாரத்தை விட்டுவிடுவர். மேனாட்டு இசையில் மகிழ்ச்சிக்கும் துயருக்கும் உரிய வேறுபாட்டைக் காட்டுவது பெரும்பாலும் காந்தாரமே. அது நீங்கவே, எஞ்சும் ஒலி இறுகிய கல்லைப்போல நிற்கின்றது. மூன்றாவதாக, தாழ்ந்த தந்திகளிற் பிறக்கும் ஒரு சிறு சுரத்தொடர் மீண்டும் மீண்டும் ஒலித்துப் பாடல் முழுவதையும் தாங்கி நிற்கும். இதனை ஆங்கிலத்தில் றிஃப் என்பர். நல்லதொரு மெற்றல் பாடலை மக்கள் நினைவுகூர்வது பெரும்பாலும் சொல்லால் அன்று, இந்தச் சுரத்தொடராலேயே.

இத்தகைய இசை எங்கே தோன்றியது? இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள பேர்மிங்காம் நகரம், இரும்பும் பித்தளையும் வார்த்தெடுக்கும் ஆலைகளாற் பெயர்பெற்றது. அந்நகரின் அஸ்ரன் என்னும் தொழிலாளர் பகுதியில் வளர்ந்த இளைஞர் நால்வர், 1968 ஆம் ஆண்டில் ஓர் இசைக்குழுவாக இணைந்தனர். ரொனி அயோமி, கீசர் பட்லர், பில் வார்ட், ஓசி ஒஸ்போர்ண் என்போரே அந்நால்வர். இக்குழுவே பின்னர் பிளாக் சபத் எனப் பெயர்பெற்றது.

இவர்களுள் கிற்றார்க் கலைஞரான அயோமி தமது பதினேழாம் வயதில், 1965 ஆம் ஆண்டில், உலோகத் தகடு செய்யும் ஆலையொன்றில் வேலைசெய்தார். வேலையை விட்டு விலகவிருந்த இறுதி நாளன்று, பழக்கமில்லாத இயந்திரமொன்றில் அவரது வலக்கை அகப்பட்டு, நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளும் துண்டிக்கப்பட்டன. அவர் இடக்கைப் பழக்கமுடையவர் ஆதலால், தந்திகளை அழுத்துவதற்கு வேண்டிய கை அதுவே. இனி வாசித்தல் இயலாது என மனமுடைந்திருந்த அவருக்கு, ஆலையின் மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்பித்தார். அது ஜாங்கோ றைன்ஹாட் என்னும் கலைஞருடையது. 1928 ஆம் ஆண்டு நேர்ந்த தீவிபத்தில் இடக்கையின் இரு விரல்கள் பயனிழந்த பின்னரும் கிற்றார் வாசிப்பில் உலகப் புகழ்பெற்றவர் அவர். அயோமி ஊக்கங்கொண்டார். பிளாஸ்திக் போத்தலை உருக்கி விரலுறைகள் செய்து, அவற்றின்மேல் தோல் ஒட்டி அணிந்துகொண்டார். மெல்லிய தந்திகளைத் தேடிக் கட்டினார். 1971 ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் இசைத்தட்டில், சில பாடல்களுக்குத் தந்திகளை மூன்று அரைச்சுரம் தாழ்த்தித் தளர்த்தினார். தளர்ந்த தந்தி விரலுக்கு எளிதாயிற்று. ஒலியோ முன்னிலும் ஆழ்ந்தது. அவ்வாழ்ந்த ஒலியைப் பின்வந்த குழுக்கள் பலவும் பின்பற்றின.

பிளாக் சபத் குழுவின் முதல் இசைத்தட்டு 1970 பெப்ரவரி 13 ஆந் திகதி வெளிவந்தது. குழுவின் பெயரே தட்டின் பெயர்; தட்டின் முதற் பாடலுக்கும் அதே பெயர். மழையொலி, இடி, தொலைவிற் கேட்கும் கோயில் மணி ஆகியவற்றுடன் தொடங்கும் அப்பாடல் மூன்றே சுரங்களாலான ஒரு தொடரின்மீது எழுப்பப்பட்டது. ஆங்கில இசையாசிரியர் குஸ்ராவ் ஹோல்ஸ்ற், கிரகங்களைப் பற்றி இயற்றிய இசைக்கோவையில் செவ்வாய்க்குரிய பகுதியிற் பட்லர் ஈடுபாடு கொண்டிருந்தார். அவர் அதனை மீட்டிக்கொண்டிருந்ததே இச்சுரத்தொடர் பிறப்பதற்குத் தூண்டுகோலாயிற்று. இதில் ஓங்கி நிற்பது சட்சத்துக்கும் பிரதிமத்திமத்துக்கும் உள்ள இடைவெளி. பழைய ஐரோப்பிய இசையாசிரியர்கள் இவ்விடைவெளியை இசையிற் புகுந்த சாத்தான் என அஞ்சி ஒதுக்கினர். கல்யாணி இராகத்தின் பிரதிமத்திமத்தை நாள்தோறும் கேட்டு மகிழும் செவிகளுக்கு இந்த அச்சம் வியப்பளிக்கலாம். ஒரே இடைவெளி ஒரு மரபில் மங்கலமாகவும் மற்றொரு மரபில் மருளாகவும் ஒலிப்பது, இசையின் பொருள் கேட்போரின் பழக்கத்தையும் பொறுத்தது என்பதைக் காட்டுகின்றது.

அக்காலத்துத் திறனாய்வாளர் இவ்விசையை வரவேற்றாரல்லர். றோலிங் ஸ்ரோன் என்னும் அமெரிக்கச் சஞ்சிகையில் லெஸ்ரர் பாங்ஸ் எழுதிய மதிப்புரை, முதற் தட்டை இகழ்ந்துரைத்தது. அதே சஞ்சிகை 2017 ஆம் ஆண்டில் நூறு சிறந்த மெற்றல் இசைத்தட்டுகளை வரிசைப்படுத்தியபோது, இதே குழுவின் இரண்டாம் தட்டான பரனொய்ட்டை முதலிடத்தில் வைத்தது. ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகள் ஆக்கிய இசை மதிப்புப்பெறுவதற்கு இத்துணைக் காலம் சென்றது. இதனை நினைவிற் கொண்டால், மெற்றல் சுவைஞர்கள் தரவரிசைகளைப் பற்றி ஏன் இவ்வளவு உணர்ச்சியுடன் வாதிடுகின்றனர் என்பது விளங்கும். பட்டியலில் ஒரு பாடல் ஏறுவதும் இறங்குவதும் அவர்களுக்குப் பொழுதுபோக்கு மட்டுமன்று. நெடுநாள் இகழப்பட்ட தம் கலையை அளப்பதற்கு உரிமையுடையோர் யார் என்னும் வினாவும் அதில் அடங்கியுள்ளது.

அவ்வினா 1989 ஆம் ஆண்டில் வெளிப்படையாக எழுந்தது. அமெரிக்காவில் வழங்கப்படும் கிராமி விருதுகளில், அவ்வாண்டு முதன்முறையாக வன்மையான றொக் இசைக்கும் மெற்றல் இசைக்கும் பொதுவாக ஒரு விருது ஏற்படுத்தப்பட்டது. மெற்றாலிக்கா குழுவினரே பெறுவர் எனப் பலரும் எதிர்பார்த்தனர். விருதோ ஜெத்ரோ டல் என்னும் ஆங்கிலக் குழுவுக்குச் சென்றது. புல்லாங்குழலாற் பெயர்பெற்ற அக்குழு திறமை மிக்கதே. எனினும் அது மெற்றல் இசைக்குழு என்று அதன் அன்பர்களே கருதியதில்லை. கண்டனம் எழவே, மறு ஆண்டு அவ்விருது இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 1990 ஆம் ஆண்டு மெற்றலுக்கான விருதை மெற்றாலிக்கா தனது ஒன் என்னும் பாடலுக்காகப் பெற்றது. வரையறை பிழைத்தால் தீர்ப்பும் பிழைக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனினும் வரையறை செய்தல் எளிதன்று. லெட் செப்பலின், டீப் பேர்ப்பிள் ஆகிய ஆங்கிலக் குழுக்களை எடுத்துக்கொண்டால், அவற்றின் ஓசையில் மெற்றலின் கூறுகள் பல உள. 1971 டிசம்பரில் சுவிற்சர்லாந்தின் மொன்ரே நகரில் சூதாட்ட மண்டபமொன்று தீப்பற்றி எரிந்ததைக் கண்டு டீப் பேர்ப்பிள் இயற்றிய ஸ்மோக் ஒன் த வோட்டர் என்னும் பாடலின் சுரத்தொடரை, கிற்றார் பயிலத் தொடங்கும் மாணவர் பலரும் முதலிற் கற்கின்றனர். ஆயினும் இக்குழுக்களின் இசையில், அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த புளூஸ் இசையின் சாயல் மிகுதி. ஆதலின் இவற்றை வன்மையான றொக் எனப் பிரிப்போரும் உளர். மோட்டார்கெட் குழுவின் தலைவர் லெம்மி, தம் இசை றொக் அன்ட் றோல் அன்றி வேறன்று என்று இறுதிவரை வற்புறுத்தினார். அவர் மறுத்தபோதிலும், அவரது ஏஸ் ஒஃப் ஸ்பேட்ஸ் இடம்பெறாத மெற்றல் பட்டியலைக் காண்பது அரிது. படைத்தவரின் கூற்றை ஏற்பதா, கேட்டவரின் வழக்கை ஏற்பதா?

இலக்கியம் முன்னே, இலக்கணம் பின்னே என்னும் தமிழ்க் கொள்கை இவ்விடத்திற் கைகொடுக்கும். பிளாக் சபத் இலக்கியம் படைத்தது என்றால், அதே பேர்மிங்காம் வட்டாரத்தில் எழுந்த ஜூடாஸ் பிறீஸ்ற் குழு இலக்கணம் வகுத்தது எனலாம். 1970களின் பிற்பகுதியில் அக்குழு புளூஸ் சாயலைப் படிப்படியாகக் களைந்து, இரு கிற்றார்களின் இணைவாசிப்பையும் உச்சக் குரலையும் தோலாடை அணியும் வழக்கத்தையும் நிலைநிறுத்தியது. இவ்விலக்கணம் தோன்றிய பின்னர் வந்தவற்றை அதனால் அளத்தல் முறையாகும். அதற்கு முன்னர் வந்தவற்றையோ, அவை இம்மரபுக்கு எதனை ஈந்தன என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும். அவ்வகையில் லெட் செப்பலினும் டீப் பேர்ப்பிளும் மரபின் முன்னோராக மதிக்கப்படலாம். லெம்மியின் பாடலையோ, பின்வந்த மெற்றல் குழுக்கள் அதனிடம் கற்ற வேகத்தைக் கருதி மரபினுள்ளேயே வைத்தல் தகும்.

வரிசைப்படுத்தும் முறையிலும் வேறுபாடுகள் உள. கனடா நாட்டு எழுத்தாளர் மாற்றின் பொபொவ், அன்பர்களின் வாக்குகளைத் திரட்டி ஐந்நூறு பாடல்களை வரிசைப்படுத்தி 2003 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். வீ எச் வண் என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் 2006 ஆம் ஆண்டில் நாற்பது பாடல்களைத் தெரிந்து, பிளாக் சபத்தின் அயன் மேன் என்னும் பாடலுக்கு முதலிடம் அளித்தது. வாக்கெடுப்பிற் பலரும் கேட்ட பாடலே முன்னிற்கும். அரிய பாடல் பின்தங்கும். நடுவர் குழுவிலோ, நடுவர்தம் இளமைக்காலத்துப் பாடல்கள் சலுகை பெறும். இருவகைப் பட்டியல்களிலும் ஆங்கிலம் வழங்கும் நாடுகளே பெரும்பாலும் மேலோங்குகின்றன. 1996 ஆம் ஆண்டில் தம் நாட்டுப் பழங்குடியினரான சவாந்தே மக்களுடன் சேர்ந்து இசைத்து றூட்ஸ் என்னும் தட்டை வெளியிட்ட பிரேசில் நாட்டுச் செபுல்துரா போன்ற குழுக்களின் ஆக்கங்களையும் ஒப்புநோக்காத வரிசை முழுமையானது ஆகாது.

ஆகவே, பட்டியல் இடுவோர் தாம் எதனை அளக்கின்றனர் என்பதை முதலிற் கூறவேண்டும். புகழை அளந்தால் பரனொய்ட் என்னும் பாடல் முன்னிற்கும். இரண்டாம் தட்டை நிரப்புவதற்காக விரைவில் இயற்றப்பட்ட அச்சிறு பாடல், மூன்று நிமிடங்கூட நீளாதது. எனினும் பிரித்தானிய விற்பனை வரிசையில் நான்காம் இடம்வரை உயர்ந்தது. பொருளின் கனத்தை அளந்தால், போரை ஏவிவிட்டுத் தாம் ஒளிந்திருக்கும் அதிகாரிகளைச் சாடும் வோர் பிக்ஸ் என்னும் பாடலையும், தூக்குமேடையை நோக்கி நடக்கும் கைதியின் மனநிலையைக் கூறும் அயன் மெய்டன் குழுவின் ஹலோட் பீ தை நேம் என்னும் 1982 ஆம் ஆண்டுப் பாடலையும் ஒதுக்க இயலாது. ஆக்கத்திறனை அளந்தால், 1986 இல் மெற்றாலிக்கா வெளியிட்ட மாஸ்ரர் ஒஃப் பப்பெற்ஸ் மேலோங்கும். எட்டு நிமிடங்களுக்கு மேற்பட்ட அப்பாடல், போதைப்பொருள் மனிதனைப் பொம்மையாக ஆட்டிவைக்கும் கொடுமையை வேகமும் அமைதியும் மாறிமாறி வரும் கட்டமைப்பிற் புலப்படுத்துகின்றது. அப்பாடலைக் கொண்ட இசைத்தட்டு, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பேணிக்காக்கும் ஒலிப்பதிவுகளின் வரிசையில் முதல் மெற்றல் பதிவாகச் சேர்க்கப்பட்டது.

மரபுக்கு ஈந்ததனை அளவுகோலாகக் கொண்டாலோ, முதலிடம் பிளாக் சபத் என்னும் அம்முதற் பாடலுக்கே உரியது. அதனினும் நுட்பமான பாடல்கள் பின்னர் பல தோன்றியுள்ளன. ஆனால் அவை யாவும் அப்பாடல் திறந்த வாயில் வழியாகவே வந்தன. இத்தீர்ப்பை மறுப்போர், வேறோர் அளவுகோலை எடுத்துக்காட்டி மறுப்பாராயின், அம்மறுப்பும் கலைக்கு நன்மையே தரும்.

பேர்மிங்காம் நகரம் தன் மைந்தர்களை இன்று மறந்திலது. 2019 ஆம் ஆண்டில் அந்நகரின் புறோட் வீதியில் உள்ள பாலமொன்றுக்குப் பிளாக் சபத் எனப் பெயரிடப்பட்டது. 2025 ஆம் ஆண்டில் அந்நால்வருக்கும் நகரின் கௌரவக் குடியுரிமை வழங்கப்பட்டது. அவ்வாண்டு யூலை 5 ஆந் திகதி, அஸ்ரனிலுள்ள விளையாட்டரங்கில் அவர்கள் இறுதியாக ஒருங்கே மேடையேறினர். மெற்றாலிக்கா உள்ளிட்ட பல குழுக்கள் அன்று முன்னதாக இசைத்து, முன்னோர்க்கு வணக்கம் செலுத்தின. நோயினால் நிற்கமாட்டாத ஒஸ்போர்ண் ஆசனத்தில் அமர்ந்தவாறே பாடினார். பதினேழு நாள்களின் பின்னர், யூலை 22 ஆந் திகதி, தமது 76 ஆம் வயதில் அவர் காலமானார். அவரது இறுதி ஊர்வலம் புறோட் வீதி வழியே சென்று அப்பாலத்தில் தரித்தபோது, பெருந்திரளான மக்கள் வீதியின் இருமருங்கும் நின்று அஞ்சலி செய்தனர்.